மூன்று முறை மட்டும் அடிக்க வேண்டிய மணி

எனக்குப் பத்து வயதாகும்வரை என் பெயரே "பாவம்" என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். பிறந்ததிலிருந்தே என் இடது கால் என் சொல் கேட்காது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் வாய் திறக்கமுன் அம்மாவே முந்திக்கொள்வார். "பாவம் பிள்ளை, ஓடி விளையாட ஏலாது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூட நாடகத்துக்கும் அனுப்பமாட்டார். எல்லாரும் பார்ப்பார்களாம்.

வானொலியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லித்தான் மாமா என்னை அம்மாவிடம் கேட்டு வாங்கினார். சக்கர நாற்காலியில் திரியும் மாமாவும், கிண்ணியாவிலிருந்து வரும் கண் தெரியாத நானாவும், கை கால் கண் ஒன்றிலும் குறைவில்லாத ஒரு பள்ளிக்கூட ரீச்சரும் சேர்ந்து எங்கள் ஊர் வானொலிக்கு ஒரு பகிடி நாடகம் எழுதியிருந்தார்கள். நிலையத்தார் அரை மணித்தியாலம் கொடுத்தார்கள். நேயர்கள் சிரித்தால் வாராவாரம் உண்டு. இல்லாவிட்டால் அதோடு சரி.

நாடகத்தில் நானாதான் ஓட்டோ ஓட்டுவார். ரீச்சர் சக்கர நாற்காலிக்காரி. மாமாவோ மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, "உதவிப்பணம் வேணுமெண்டால் படியேறி வாங்கோ" என்று அதட்டும் கந்தோர் அதிகாரி ஐயா. யாராவது "பாவம்" என்றால் நான் சைக்கிள் மணியை அடிக்க வேண்டும். மொத்தம் மூன்று இடங்கள். "மூண்டுதான் பிள்ளை. கூட அடிச்சால் எல்லாம் குழம்பிப்போகும்" என்று மாமா நூறு தடவை சொல்லியிருந்தார்.

நிலையமும் மேல்மாடியில்தான். மாமாவை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். "இதையும் எழுதியிருக்கலாம்" என்றார் மாமா.

நேரடி ஒலிபரப்பு. மூன்று மணியும் சொன்ன இடத்தில் விழுந்தன. முடிவில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியை இழுத்து, குரலைத் தழதழக்க வைத்து, "பாவம், இந்தக் கலைஞர்கள்..." என்று தொடங்கினார். பின்னால் சோக வயலின் வேறு!

என் விரல் என்னைக் கேட்கவில்லை. டிங்!

மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஐயோ, எல்லாவற்றையும் நான்தான் கெடுத்தேன் என்று மணியை மடிக்குள் ஒளித்தேன். நானா மட்டும் ஆறுதலாகச் சொன்னார்: "நாங்க மூணுதான் எழுதின. நாலாவத அவர் சொன்னா புள்ள என்ன செய்யிற?"

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அதுவும் ஊருக்கெல்லாம் போய்விட்டது. முதலில் ரீச்சர் சிரித்தார். பிறகு அறிவிப்பாளரே சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமத் தொடங்கினார்.

தொலைபேசி அடித்தது. முதல் நேயர் தோப்பூரிலிருந்து. வணக்கமும் இல்லை, ஸலாமும் இல்லை. டிங் டிங் என்று தன் சைக்கிள் மணியை அடித்தார். அடுத்தது கிளிவெட்டியிலிருந்து ஒரு பெண். "எங்கட வீட்டில சைக்கிள் இல்லை, சட்டியில கரண்டியால தட்டுறன். கேக்குதோ?" அரை மணித்தியாலம் முடிந்தும் அழைப்புகள் ஓயவில்லை. வாராவாரம் வாருங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இறங்கும்போது மாமா, தூக்கியவர்களின் தலைக்கு மேலிருந்து ராசா மாதிரிக் கையசைத்தார். நானும் மணியை விடாமல் அடித்துக்கொண்டே இறங்கினேன்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுத் தந்தார், அவ்வளவுதான். ஆனால் முன்னறையில் இருந்த வானொலிப்பெட்டி, அம்மா சமைக்கும் குசினிக்குள் போயிருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு மாமி வந்தார். வழக்கம்போல அம்மா முந்தவில்லை. மாமி என்னைப் பார்த்து, "பாவம்..." என்று இழுத்தார். நான் அடிக்கமுன் அம்மா என் மடியிலிருந்த மணியைப் பறித்து, மாமியின் முகத்துக்கு நேரே அடித்தார். ஒரு தரமல்ல, மூன்று நாலு தரம்.

நான் கைதட்டிச் சிரித்தேன். அம்மாவும் எங்கள் நாடகத்தில் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை. மணியைத் திருப்பித் தரமுன் அம்மா ஏன் அதைத் தன் முகத்துக்கு நேரேயும் ஒரு தரம் அடித்தார் என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.