மார்ச் ஒன்பதாம் தேதி வந்த ஃபேக்ஸ்

1997 செப்டம்பரில் ஸ்ரீரஞ்சனி வேலைக்குச் சேர்ந்த கம்பெனி தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெளியூர் ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர்கள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கிண்டியில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் இருந்தவள் அவள். எது எப்போது முடியும் என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய்.

"ஒரு ப்ராஜெக்ட் ஆபீஸ் ஆரம்பிக்கணும். எந்த வேலை எந்த நிலைமையில இருக்குன்னு எனக்கு ஒரே இடத்துல தெரியணும். எப்படி வேணுமோ பண்ணிக்கோங்கோ," என்றார் முதலாளி ஸ்ரீவத்சன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் ஒரு போனும் கொடுத்தார்.

முதல் வாரம் பட்டியல் போட்டாள். பதினான்கு ப்ராஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: யாருக்காக, யார் செய்கிறார்கள், எப்போது முடியும். செய்கிறவர்கள் சொல்வது மட்டும் போதாது என்று தோன்றியதால், வாடிக்கையாளர்களையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுத் தேதியைச் சரிபார்த்தாள்.

ஆறு பேர் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். ஏழாவது, பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி. அவர்களுடைய சரக்குக் கிடங்குக்கான சாஃப்ட்வேரை, கருணாகரன் தலைமையில் ஒன்பது பேர் ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்த அதிகாரி தமிழர்தான்.

"அந்தக் கிடங்கையே மூடிட்டோமே மேடம். வேலைய நிறுத்தச் சொல்லி மார்ச்லயே ஃபேக்ஸ் அனுப்பியாச்சு."

"நாங்க மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பிண்டிருக்கோமே சார்?"

"வருது. ஃபைல்ல போட்டு வெச்சிருக்கோம்."

போனை வைத்தாள். எழுந்து கடிதங்கள் வைக்கும் அலமாரிக்குப் போனாள். மார்ச் மாதக் கோப்பில் அந்த ஃபேக்ஸ் இருந்தது. வழவழப்பான தாளில் எழுத்து பாதி மங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோது தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது: ஒன்பது. வந்ததை யாரோ ஒழுங்காகக் கோத்து வைத்திருந்தார்கள். படித்தவர் யாரும் இல்லை. வேலை முடிந்த பிறகுதான் பில் என்பதால் யாருக்கும் உறைக்கவும் இல்லை.

ஆறு மாதம். ஒன்பது பேர். சனிக்கிழமைகள் உட்பட.

ஸ்ரீவத்சன் ஃபேக்ஸைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அவாகிட்ட இப்ப சொல்லவேண்டாம். வேற ப்ராஜெக்ட் வரட்டும், மெதுவா மாத்திடலாம்," என்றார்.

"தெரிஞ்ச பிறகு ஒரு நாள்கூட அவங்கள உக்கார வெச்சு எழுத வைக்க என்னால முடியாது சார். இன்னிக்கே சொல்லிடறேன்."

அவர் தடுக்கவில்லை.

ஒன்பது பேரையும் தன் மேஜையருகே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். கருணாகரன் நின்றபடியே கேட்டுக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள்.

"எத்தனாம் தேதி மேடம்?"

"மார்ச் ஒம்போது."

"மே மாசம் என் தங்கச்சி கல்யாணம், வேலூர்ல. தாலி கட்டினதும் பஸ் ஏறி வந்துட்டேன். மறுநாள் இதுக்கு டெஸ்டிங்." அவ்வளவுதான் சொன்னான். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். குழுவில் இளையவளான ஜெனிதா மட்டும் மேஜையருகே நின்றாள். டெஸ்டிங் பார்ப்பவள், பெசன்ட் நகர்ப் பெண்.

"எனக்கு ஜூலையிலயே டவுட்டு மேடம். ஒரு விவரம் கேக்க அங்க போன் பண்ணேன். எந்த ப்ராஜெக்ட்னு கேட்டாங்க. இன்னாடா இதுன்னு ஆயிடுச்சி."

ஸ்ரீரஞ்சனிக்குப் பம்பாய் அதிகாரி சொன்னதைவிட இது பெரிய அடியாக விழுந்தது. "ஏம்மா, யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட மேடம் சொல்றது?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி ஸ்ரீரஞ்சனியின் காதிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஒவ்வொரு ப்ராஜெக்டின் தாளிலும் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: இந்த வேலை அவர்களுக்கு இன்னும் வேண்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் வாடிக்கையாளரிடமே கேட்டு நிரப்ப வேண்டும். அன்று மூன்று மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் அவள் மேஜைக்கு வந்து எந்தச் சந்தேகத்தையும் சொல்லலாம். முதல் இரண்டு வெள்ளி யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் நான்கு பேர் வந்தார்கள்.

கருணாகரன் தீபாவளிக்குப் பிறகு வேலையை விட்டான். ஜெனிதா ப்ராஜெக்ட் ஆபீஸின் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தாள். அதற்குப் பின் வந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முறை, 'வேண்டாம்' என்று பதில் வந்தது. அந்த வேலையை அன்று மாலையே நிறுத்தினார்கள்.