கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பாவின் துப்பாக்கி

பழைய துப்பாக்கி சேகரிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. ஊட்டியில் பெரிய துப்பாக்கிக் கண்காட்சி என்றதும் கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். மண்டபம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பெட்டி முன்னால் என் கால் அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே இருந்தது, ஓவேலித் தோட்டத்தில் பன்றி விரட்ட என் அப்பா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. பின்பக்க மரக்கட்டை விரிசல் விட்ட இடத்தில் அவர் அடித்த செப்புத் தகடுகூட அப்படியே இருந்தது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அது என் பேருக்கு வந்தது. போன தேர்தலுக்கு அதை என் நெடுநாள் நண்பர் செல்வராஜின் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன். திரும்ப வாங்கப் போனபோது, "மழையில கூரை ஒழுகி, குழல் பூராவும் துருப்புடிச்சுப் போச்சுங்கண்ணா. அறுத்துப் போடத்தான் வேணும்" என்று அழுதார். அந்தக் கோலத்தில் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அதே செல்வராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கப்பாவோடதுங்க. இந்தத் தகடு அவரு கையால அடிச்சது."

"யாரோட அப்பாங்க செல்வராஜ்?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "வெளிய போயிப் பேசிக்கலாமுங்கண்ணா" என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

துப்பாக்கி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் அழுதபோது, "விடுங்க செல்வராஜ், இரும்புதானுங்களே" என்று டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னவன் நான்.