பிறேக்கில் வைத்த கால்

காலை ஐந்து மணிக்கு ஹம்பேர்க்கிலிருந்து வெளிக்கிட்டோம். அங்கே இருக்கிற மகன் றெஜி கார் ஓடினான். என் கணவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு. மடியில் ஒரு பை, அதற்குள் ஊர்காவற்றுறையிலிருந்து கொண்டுவந்த, சின்ன ஓலைப் பெட்டியில் வார்த்த பனங்கட்டிக் குட்டான் இருபது. நோர்வேயில் கிறிஸ்ரியன்சாண்ட் என்ற ஊரில் இருக்கிற மகள் ஜெசிக்கு முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. என்ன வேணுமென்று கேட்டதற்கு அவள் சொன்னது பனங்கட்டி ஒன்றைத்தான்.

இவருக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேணும். பிந்தினால் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பிவிடும். ஒருமுறை தன்ர ஓட்டோவுக்குள்ளேயே விழுந்து கிடந்தவர். இனிப்பென்றால் உயிர் வேறு. அதனால்தான் அந்தப் பை என் மடியைவிட்டு இறங்கவில்லை. "தொட்டீங்களெண்டால் கையை முறிப்பன்" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டேன்.

டென்மார்க்கின் வடக்கு முனையில் ஹிற்ஸால்ஸ் துறைமுகம். கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோமீற்றர். வழியெல்லாம் பச்சை வயல், காற்றாடி, பிறகும் பச்சை வயல். எனக்கு ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. கப்பல் போய்விடுமோ, பாஸ்போட்டை வைத்த இடம் சரியோ என்று கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டே காலுக்குக் கப்பல். வரிசையில் கார்களும் பென்னாம்பெரிய லொறிகளும் நின்றன. பதினொன்றரைக்கு வரிசை அசையத் தொடங்க, இனி என்ன, ஏறின உடனே சாப்பாடுதானே என்று காருக்குள் வைத்தே இவருக்கு ஊசியைப் போட்டேன். அந்தப் பிழை என்னுடையது. வரிசை பத்தடி போய்த் திரும்பவும் நின்றது. கப்பலுக்குள் கார் ஏற பன்னிரண்டு ஆகிவிட்டது.

இவரைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேணும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கொஞ்சக் கடல். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இறக்குகிற இரும்பு மிதவை ஒன்று அதில் ஓடுகிறது. நாங்கள் அதைப் பாதை என்போம். காசில்லை, பத்து நிமிசம்தான். பாதையில் ஏறினால் ஓட்டோ உருளாமலிருக்க இவர் சில்லுக்குக் கல்லு வைப்பார், பிறகு ஏறி இருந்து பிறேக்கில் காலை வைப்பார். அக்கரை வரும்வரை அந்தக் கால் எடுபடாது. நாங்கள் பெண்கள் இறங்கி நின்று கதைப்போம், இவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

றெஜி காரை நிறுத்தியதும் இவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கல்லு எங்க?"

"என்ன கல்லு அப்பா?"

"சில்லுக்கு வைக்கிற கல்லு."

"உந்தப் பொத்தானை அமத்தினால் காணும். பிறேக் தானாப் பிடிக்கும்."

இவர் கைப்பிறேக்கைத் தேடினார். அப்படியொன்று காரில் இல்லவே இல்லை. "கைப்பிறேக் இல்லாத காரையோடா கடலில ஏத்தினனி, விசரா?" என்றார். றெஜி சிரித்தான். நானும் சிரித்தேன், கடவுளே. காருக்குள் ஒருவரும் இருக்கக்கூடாதாம். "பை கிடக்கட்டும் அம்மா, ஆரும் எடுக்க மாட்டினம்" என்று றெஜி சொல்ல, பனங்கட்டியைப் பின் சீற்றில் வைத்துவிட்டுப் படியேறினோம்.

மேலே சாப்பாட்டுக்கடை. ஊர்காவற்றுறைச் சந்தையை அப்படியே தூக்கி வைக்கலாம், அவ்வளவு இடம். றெஜி கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போனான். "இஞ்சேரும், கக்கூசுக்குப் போட்டு வாறன்" என்று இவர் எழும்பினார். நான் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் வெளிக்கிட்டது.

பன்னிரண்டரை. சாப்பாடு வந்துவிட்டது, இவரைக் காணவில்லை. றெஜி கக்கூசெல்லாம் பார்த்தான். இல்லை. நான் வெளித்தட்டுக்கு ஓடினேன். காற்று ஆளைத் தள்ளியது. கீழே கறுத்த கடல். நாங்கள் கடலை நம்பிச் சீவிக்கிற சனம், ஆனால் அப்படியொரு நிறத்தில் நான் கடலைக் கண்டதில்லை. எங்கேயாவது தலை தெரிகிறதா என்று பார்த்தேன். ஓம், அதைத்தான் பார்த்தேன். அந்தோனியாரே, காணாமல் போனதெல்லாம் எடுத்துத் தாற ஆள் நீர், இந்த மனுசனையும் தாரும் என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி பயந்துபோனாள்.

றெஜி போய்ச் சொல்ல, பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒலிபெருக்கியில் இவருடைய பெயர் வந்தது. சூசைப்பிள்ளை அருளப்பு என்பதை அவர்கள் கடித்துக் குதறிச் சொன்னார்கள். தகவல் மேசையில் நின்ற பெண் எனக்குக் கதிரை தந்தாள். எனக்கு இருக்க ஏலவில்லை. ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

அப்போதுதான் றெஜி சட்டைப் பைகளைத் தட்டினான். "அம்மா, கார்த் திறப்பு எங்க? மேசையிலதானே வைச்சனான்?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "கொப்பர் பிறேக்கில நிக்கிறார்!" என்று கத்தினேன்.

கப்பல் ஓடும்போது கீழ்த்தட்டுப் பூட்டியிருக்கும். றெஜி விசயத்தைச் சொல்ல, அந்தப் பெண் ஒரு பணியாளைக் கூட்டிவந்தாள். நாலு பேரும் படிகளில் ஓடினோம். ஒரு மணி பத்து.

சாரதி இருக்கையில் இவர். சட்டை தோய்ந்திருந்தது. இரண்டு கையும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி நடுங்க, வலது கால் பிறேக்கில். பணியாட்கள் சுற்றிப் பார்த்தபோது குனிந்து ஒளிந்திருந்திருக்கிறார். பின் சீற்றில் பை கட்டுக் குலையாமல் கிடந்தது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருபது குட்டான்!

ஓலையைப் பிய்த்துப் பனங்கட்டியை உடைத்து என் கையாலேயே வாய்க்குள் வைத்தேன். அவ்வளவு காலம் ஒளித்து வைத்ததை அள்ளி அள்ளித் தீத்தினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "கண்டறியாத மனுசா, உதைத் திண்டிருக்கலாமே?"

வாய் நிறையப் பனங்கட்டியோடு இவர் சொன்னார்: "தொட்டால் முறிப்பன் எண்டீர்."

மூன்றாவது குட்டானுக்குப் பிறகு நடுக்கம் குறைந்தது. ஆனாலும் ஆள் இறங்கவில்லை. "காலை எடுக்க ஏலாது. உருண்டால் ஆரின்ர காரில முட்டும்?" என்றார். றெஜி கெஞ்சினான், அந்தப் பெண் ஆங்கிலத்தில் தன்மையாகச் சொன்னாள். அசையவில்லை. வந்த பணியாள் கொஞ்சம் வயதானவர். இவருடைய காலைப் பார்த்தார், போய், லொறிச் சில்லுக்கு வைக்கிற மஞ்சள் ஆப்பு ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் காருக்கு வைத்துக் காலால் ஓர் உதை விட்டார். இவர் எட்டிப் பார்த்தார். காலை எடுத்தார். இறங்கினார்.

மூன்றரைக்குக் கிறிஸ்ரியன்சாண்ட். கல்லும் பைன் மரமும் மரவீடுகளுமாகக் கரை வந்தது. ஜெசி வயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்று, பையை எண்ணி, "பதினேழுதான் கிடக்கு?" என்றாள். றெஜி பெட்டிகளை இறக்கப் போனான்.

பேத்தி பிறந்து, தலை நின்ற பிறகுதான் திரும்பினோம். றெஜி வந்து கூட்டிக்கொண்டு போனான், அதே கப்பல். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி என்பது இந்தமுறை என் சட்டம். என் கைப்பையில் ஒரு குட்டான், ஜெசியிடம் கேட்டு வாங்கியது.

கார் நின்றதும் இவர் இறங்கி, கோட்டுப் பைக்குள்ளிருந்து உள்ளங்கையளவு கல்லொன்றை எடுத்தார். ஜெசி வீட்டுக் கடற்கரையில் பொறுக்கியிருக்கிறார். குந்தியிருந்து பின்சில்லுக்கு வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரிப் படியேறப் போனார். றெஜி என்னைப் பார்த்தான், நீங்களாவது சொல்லுங்கோவன் என்பது போல.

நான் சுற்றிவரப் பார்த்துவிட்டு, அந்தக் கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளினேன்.