விதி இல்லாத கட்டம்

கம்ப்யூட்டரில் பேய் வந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். பேர்ணடெற்றும் சிரிக்கிற ஆள்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கணினி படித்தவள். இருட்டுக்கும் பயமில்லை, சவக்காலைக்கும் பயமில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பட்டப்பகலில், அவளுக்கு நடந்தது நடந்ததுதான். இன்றைக்குக் கேட்டாலும் ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். சொல்லும்போது இரண்டு கைகளையும் மடியில் பொத்தி வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்தவர்கள் பிறகு சிரிப்பதில்லை.

அந்த நாட்களில் கொழும்பில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளை வான் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது என்பார்கள். அதற்கு இலக்கத் தகடு இல்லை என்பார்கள். அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன அலுவலகம் அப்படிப் போனவர்களின் விபரங்களைப் பதிந்து வைத்தது. மன்னாரில் இருப்பவர்களும் மட்டக்களப்பில் இருப்பவர்களும் அதே பதிவில் எழுத வேண்டுமென்று அதை இணையத்தில் இயங்கும் மென்பொருளாக மாற்றத் தொடங்கியிருந்தார்கள். செய்துகொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். மிச்ச வேலைக்குத்தான் பேர்ணடெற்றைக் கூப்பிட்டார்கள்.

பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஐறீன் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க மகள். என்ன பிழை விட்டாலும் சிவப்பில 'இன்வலிட்' எண்டு மட்டும்தான் வருது. எந்தக் கட்டத்தில பிழை, என்ன பிழை, ஒண்டும் விளங்குதில்லை. தாய்மார் முன்னால இருந்து அழுதுகொண்டிருக்க, நாங்க திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறம்."

பேர்ணடெற் உள்ளே திறந்து பார்த்தாள். நிரலில் ஒவ்வொரு வகை விபரத்துக்கும் ஒரு மொடல், அதாவது ஒரு மாதிரி அமைப்பு, இருந்தது. ஆளுக்கு ஒன்று, சம்பவத்துக்கு ஒன்று, உறவினருக்கு ஒன்று. அந்த மொடலுக்குள்தான் கட்டங்களுக்கான விதிகள். விதி மீறினால் பதிவு சேமிக்கப்படாது, திரும்பி வந்துவிடும். ஏன் திரும்பி வந்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

அவள் ஒவ்வொரு விதிக்கும் விளங்கும்படியாக ஒரு வசனம் எழுதினாள். 'பெயரை எழுதவும்.' 'பிறந்த திகதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்க முடியாது.' 'அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும்.' மூன்று மொழியிலும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, பிழை நேர்ந்த கட்டத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பில் வரும்படி செய்தாள். அந்த வசனங்கள் எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டன.

சில கட்டங்களுக்கு அவள் வேண்டுமென்றே விதி வைக்கவில்லை. கடைசியாக அணிந்திருந்த உடை. கடைசியாகக் கண்ட இடம். உடம்பில் உள்ள அடையாளம். ஒரு தாய் அதில் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எவ்வளவு நீளமாகவும் சொல்லட்டும் என்று நினைத்தாள். விதி இல்லையென்றால் பிழையும் இல்லை. அந்தக் கட்டங்களில் சிவப்பு எழுத்து வர வழியே கிடையாது.

அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை பின்னேரம். வெளியே நல்ல மழை. பதிவு எழுதும் புளோறன்ஸ் காய்ச்சல் என்று வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா நனைந்துகொண்டு வந்தார். பெயர் இரத்தினம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். மகனோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். மகன் செந்தூரன் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தான். சனிக்கிழமை பாண் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை.

"இருங்க அம்மா. நானே எழுதுறன்" என்றாள் பேர்ணடெற்.

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது. நீர் கேளும், நான் சொல்லுறன்."

பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம்... எல்லாம் அந்த அம்மா தடுமாறாமல் சொன்னார். உடையைக் கேட்டபோதுதான் குரல் உடைந்தது.

"நீலச் சேர்ட். கறுப்புக் காற்சட்டை. சேர்ட்டை நான்தான் காலமை அழுத்திக் குடுத்தனான்."

இடது காதுக்குக் கீழே மச்சம். கடைசியாகக் கண்ட இடம், வெள்ளவத்தை, காலி வீதி, பேக்கரியடி.

பேர்ணடெற் எல்லாவற்றையும் தட்டிவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

பதிவு திரும்பி வந்தது.

உடைக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி.

'சேர்ட் இல்லை.'

அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அந்த வசனத்தை அவள் எழுதவில்லை. அவள் எழுதியவை எல்லாம் எழுதவும், வேண்டும், முடியாது என்று முடிபவை. யாரோ பகிடிக்கு ஏதோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கட்டத்துக்கு விதியே இல்லையே...

மறுபடி அழுத்தினாள்.

இப்போது இரண்டு வரிகள். முதலாவது அப்படியே இருந்தது. மற்றது இடத்துக்குப் பக்கத்தில்.

'தண்ணிச் சத்தம் கேக்குது.'

"என்ன பிள்ளை? பிழையோ?" இரத்தினம்மா கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்கள் சுருங்கின. "சிவப்பா என்னவோ தெரியுது. என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்ல அம்மா. கம்ப்யூட்டர் கொஞ்சம் கரைச்சல் பண்ணுது."

அவள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பினாள். மூன்றாம் தடவை அழுத்தினாள். அழுத்தியிருக்கக் கூடாது.

அடையாளம் எழுதும் கட்டம். 'இடது காதின் கீழ் மச்சம்' என்று அவள் தட்டியிருந்தாள். பக்கத்தில் சிவப்பில்...

'இப்ப வேறயும் இருக்கு.'

பேர்ணடெற் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சிஸ்டர் ஐறீனிடம், "நனைஞ்சு வந்திருக்காங்க, தேத்தண்ணி குடுங்க சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

முதலில் வசனங்கள் இருந்த கோப்பைத் திறந்தாள். தேடினாள். அந்த வரிகள் இல்லை. மொடலைத் திறந்தாள். அந்தக் கட்டங்களுக்கு விதி இல்லை. தரவுத்தளத்தில் தேடினாள். அங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாத வசனம் எங்கிருந்து வரும்?

பரீட்சித்துப் பார்க்க ஒரு பொய்ப் பெயரைப் போட்டாள். அதே நீலச் சேர்ட், அதே காலி வீதி, அதே மச்சம். சேமித்தாள். பச்சை எழுத்து வந்தது. 'பதிவு சேமிக்கப்பட்டது.'

ஆக மென்பொருளில் பிழை இல்லை.

செந்தூரனின் பதிவுக்குத் திரும்பினாள். ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

இந்தத் தடவை சிவப்பு வரி கீழே, ஆளின் நிலை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் வந்தது. அவள் அதில் 'காணாமற்போனவர்' என்று தெரிவு செய்திருந்தாள்.

'நான் இங்க இருக்கிறன்.'

மழை எப்போது விட்டது என்று அவளுக்குத் தெரியாது. வெளியே வெயில் அடித்தது. தெருவில் முச்சக்கர வண்டி ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது. ஆனால் அறைக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொட்டுகிற சத்தம் இல்லை. பெரிய தண்ணீர் எதிலோ மோதி மோதிப் போகிற சத்தம்.

கருவாட்டு மணம் வந்தது.

ஜன்னலைச் சாத்தினாள். மணம் கூடியது.

மேசைக்குக் கீழே குனிந்து இணைய வயரைப் பிடுங்கினாள். சேவையகம் அடுத்த அறையில். வயர் இல்லாமல் எதுவும் வர முடியாது. பக்கம் கிடைக்கவில்லை என்றுதான் காட்ட வேண்டும்.

அழுத்தினாள்.

வந்தது.

'அம்மாட்டச் சொல்லாதேங்கோ.'

அவள் அழுத்தவில்லை. சுட்டியில் கையே இல்லை. ஆனாலும் அடுத்த வரி வந்தது...

'கண் கட்டியிருக்கு.'

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

பிறகு...

'ஆர் அங்க?'

அவள் பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினாள். திரை கறுத்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

சிஸ்டர் ஐறீன் வந்து பார்த்தபோது அவள் கையில் இணைய வயர் அப்படியே இருந்தது. இரத்தினம்மாவை அனுப்பிவிட்டுத்தான் பேர்ணடெற் வாய் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சிஸ்டர் மெல்லச் சொன்னார்.

"தண்ணிச் சத்தம்... மீன் மணம்... பொடியன ஆத்தில போட்டிருக்கிறாங்க."

"பொலிசில சொல்லுவமா சிஸ்டர்?"

"என்னெண்டு சொல்லுறது? கம்ப்யூட்டர் சொன்னது எண்டோ?" சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஆத்துமம் அமைதிக்காக அலையுது மகள். நாங்க செய்யக்கூடியத செய்வம்."

செய்யக்கூடியதைச் செய்தார்கள். களனி ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் சிஸ்டருக்குத் தெரிந்த மீனவர்கள் இருந்தார்கள். உடல் ஏதாவது ஒதுங்கினால் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்களும் காலை மாலை பார்த்தார்கள். ஒன்றும் ஒதுங்கவில்லை. இறந்த ஓர் ஆத்துமத்துக்காக என்று மட்டும் சொல்லி, பெயர் குறிப்பிடாமல், கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பேர்ணடெற் முன்வரிசையில் முழந்தாளிட்டு அழுதாள். தாயிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதேங்கோ என்றல்லவா கேட்டிருந்தது.

இரத்தினம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏதும் தெரிஞ்சுதோ பிள்ளை?"

"இன்னும் இல்ல அம்மா."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. பேலியகொடைப் பக்கம், ஆற்றங்கரையோடு ஒட்டி, கைவிடப்பட்ட கருவாட்டுக் களஞ்சியம் ஒன்று. பக்கத்தில் மரம் ஏற்ற வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் கதவை உடைத்திருக்கிறார்கள். உள்ளே தூணோடு கட்டியபடி ஒருவன். கண்ணில் துணி. மேலில் சேர்ட் இல்லை. தண்ணீர் அவன் மேல் பட்டிருக்கவே இல்லை. ஆறு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பிரேத அறைக்கு இரத்தினம்மாவோடு சிஸ்டர் ஐறீன் உள்ளே போனார். பேர்ணடெற் வெளியில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அந்த அம்மா கத்தியது தெருவரைக்கும் கேட்டது.

கன நேரத்துக்குப் பிறகு சிஸ்டர் மட்டும் வெளியே வந்தார். பேர்ணடெற்றின் பக்கத்தில் வந்து இருந்தார்.

"டொக்டரிட்டக் கேட்டன் மகள். எப்ப செத்ததெண்டு."

"என்ன சொன்னவர்?"

"ரெண்டு நாளாம். அதுக்கு மேல இல்லையாம். கட்டினவங்கள் விட்டிட்டுப் போன பிறகு சாப்பாடு தண்ணி இல்லாம, மெல்ல மெல்லத்தான் போயிருக்கிறானாம்."

இரண்டு நாள். அதாவது இந்தப் புதன்கிழமை.

இரத்தினம்மா அலுவலகத்துக்கு வந்தது போன புதன்கிழமை.

அன்றைக்கு அவன் உயிரோடு இருந்தான்.