சோடா வண்டி

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது தென்காசி ரயில் நிலைய வாசலில் என் சாட்டையை ஆறு தடவை பிடுங்கி எறிந்தார்கள். எழுபதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

அங்கே நிற்கிற குதிரை வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவுடன் சாட்டையை வேலிக் கம்பியில் வரிசையாகச் செருகிவிட வேண்டும். ரயில் வந்ததும் முதல் சாட்டைக்காரருக்கு முதல் சவாரி. சாட்டை இல்லையென்றால் முறை இல்லை. அந்த சீசன் தொடக்கத்தில் அப்பா ஐந்தருவி இறக்கத்தில் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். வீட்டில் மிச்சம் நானும் ஒரு மட்டக்குதிரையும்தான். குற்றாலத்துக்கோ ரயில் ரயிலாக ஆள் வந்து இறங்குகிறது. நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்ச் சாட்டையைச் செருகினேன்.

"பொம்பளப் பிள்ள சாட்டைக்குப் பொறவு நாங்க நிக்கணுமோ?" என்று கேட்டு, ஸ்டாண்டுத் தலைவர் அதை உருவிச் சாக்கடையோரம் போட்டார். எல்லாரும் போனபிறகு மிஞ்சுகிற ஆளை நான் ஏற்றிக்கொள்ளலாமாம். நான் என்ன பிச்சையா கேட்டேன்?

அப்போதுதான் குத்துக்கல்வலசை அரிசி ஆலை முதலாளி ஒரு வண்டிப் போட்டி வைத்தார். சாரல் விடாமல் பெய்ததால், காலியாகக் கிடந்த நெல் கிட்டங்கிக்குள்ளேயே ஏற்பாடு. தண்ணீர் நிரப்பிய மண்பானைகளை இரண்டிரண்டாக வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே ஓட்டிப்போய், கடைசிச் சுவரோரம் திருப்பிக்கொண்டு வர வேண்டும். பானை உடையாமல் சீக்கிரம் வருகிறவருக்குப் பரிசு. இரண்டு சக்கரம் இருந்தால் எந்த வண்டியும் கொண்டுவரலாம்.

நான் தலைவரிடம் நேராகவே போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, நான் ஜெயிச்சா என் சாட்டை கம்பியில இருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஜெயிச்சா இருக்கட்டும். தோத்தா இந்தப் பக்கமே வரப்பிடாது, கேட்டியா?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆண்கள் எல்லாரும் ஆலங்குளத்திலிருந்து பந்தய வண்டி இரவல் வாங்கினார்கள். கூரை கிடையாது, பெரிய சக்கரம், உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். வண்டி இரவல் கொடுக்கிற ஒருவர் எங்கள் வீட்டுக்கே ஒன்றை ஓட்டிவந்து காட்டினார். அழகாகத்தான் இருந்தது. பூட்டிப் பார்த்தால், எங்கள் குதிரை தெருவில் துள்ள ஆரம்பித்துவிட்டது. நித்தம் ஐந்து பேரையும் அவர்கள் மூட்டைகளையும் இழுத்த உடம்பு அது. பாரம் முதுகில் அமுங்காவிட்டால் அதற்குக் கால் நிதானப்படாது.

எங்கள் சவாரி வண்டியோ நீளம், சுவரோரம் திரும்பாது. தேடி அலைந்து, கடைசியில் சோடாக் கம்பெனிக்குப் பின்னால் ஒன்றைப் பார்த்தேன். ஒரு காலத்தில் புட்டிப் பெட்டி ஏற்றிய வண்டி. குட்டைச் சக்கரம், உரிந்த பச்சைப் பெயிண்டு, உள்ளே அடைகிடக்கிற கோழி. சாட்டைக் கம்பால் அளந்தேன். எங்கள் வண்டியில் பாதி நீளம்தான், அகலத்திலும் ஒரு சாண் குறைவு, அச்சும் நேராக இருந்தது. கோழியை மட்டும் விட்டுவிட்டு எடுத்துப்போகச் சொன்னார் கம்பெனிக்காரர்.

"ஏட்டி, சோடா வண்டியிலயா போவ? ஊரே சிரிக்கும்" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும்பா. என் சாட்டையத் தூக்கிப் போடும்போது மட்டும் அழுதாங்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வலித்தது. ஆனாலும் வண்டியை மாற்றவில்லை.

சவாரி ஏறியதும் எந்த வண்டிக்காரரும் முதலில் சொல்வது, "முன்னால தள்ளி உக்காருங்க" என்பதுதான். பாரம் பின்னால் போனால் வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு, வார் குதிரையின் வயிற்றை இறுக்கும். இத்தனை வருஷம் ஊராருக்கெல்லாம் சொன்ன மனிதர்கள், போட்டி என்றதும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டார்கள். நான், ஆட்கள் உட்காரும் பாய்க்கடியில் பரப்புகிற புல்லை இரண்டு சாக்கில் திணித்தேன். அதைச் சாரலில் நன்றாக ஊறவைத்துக் கனமாக்கி, வண்டித் தட்டின் முன்பக்கம் இறுக்கிக் கட்டினேன்.

"தாயி, எனக்கொரு கலர் சோடா குடு!" என்று கிட்டங்கி வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள். தலைவரின் குதிரை உள்ளே புகுந்ததும் பாரமில்லாத வண்டியோடு பறந்தது. மூன்று பானை போயிற்று. மற்றவர்களுக்கும் ஒன்று, இரண்டு என்று உடைந்தன. என் குதிரை மட்டும் ஸ்டேஷன் ரோட்டில் போகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. சுவரோரம் அந்தக் குட்டை வண்டி நின்ற இடத்திலேயே திரும்பியது. ஒரு பானையும் உடையவில்லை. அப்புறம் யாரும் கலர் கேட்கவில்லை.

மறுநாள் காலை, மூன்றாவதாக என் சாட்டையைச் செருகினேன். அதற்குப் பிறகுதான் தலைவர் வந்தார். பார்த்தார்.

"போட்டி வேற, ஸ்டாண்டு வேற" என்று கையை நீட்டினார்.

நான் நகரவில்லை. "எடுங்க அண்ணாச்சி. ரயில்ல இறங்குத ஒவ்வொருத்தருக்கும் மூணு பானைக் கதைய நான் சொல்லுதேன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவர் தன் சாட்டையை என்னுடையதற்கு அடுத்ததாகச் செருகினார்.

ரயில் வந்தது. இரண்டு வண்டி போனபின் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் என் வண்டியில் ஏறியது. தலைவர் காதில் விழட்டும் என்றே நான் தொண்டை கிழியக் கத்தினேன்:

"முன்னால தள்ளி உக்காருங்க!"