வலது பக்கத்து ஹப்

என் அண்ணாவின் காரை நான்தான் கழற்றினேன். யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன். முழுக் காரையும் அல்ல, நான்கு மூலைகளை மட்டும். சக்கரம் பூட்டப்படும் நடுத்தட்டான ஹப், அதன் மேல் உட்காரும் பிரேக் டிஸ்க், அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கலிப்பர். மிச்சத்தை மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, தூசி படாமல் போர்வையும் போட்டுவிட்டேன். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே போனான்.

மூத்தவனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறவர்கள் முதலில் கதையைக் கேட்கட்டும்.

அந்தக் கார் என் பெயரில் இருந்தது. ஜெர்மனியில், இந்த எசன் நகரத்தில், எங்கள் சனத்துக்குள் இது சாதாரணம். குடும்பத்தில் எவர் அதிக காலம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறாரோ அவருக்குக் காப்புறுதி மலிவாகக் கிடைக்கும். 'புரொசென்ட்' என்று சொல்லும் அவருடைய அந்தக் கழிவு வீதத்தில் அண்ணன், மச்சான், சித்தப்பா என்று ஆளாளுக்குக் கார் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் புரொசென்ட் வைத்திருந்தவள் நான். அண்ணா இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கி என் பெயரில் பதிந்தான். திறப்புக் கொத்து அவனிடம், சவாரி அவனுக்கு, வேகமாக ஓடியதற்கான அபராதக் கடிதம் மட்டும் என் தபால் பெட்டிக்கு.

ஒருநாள் அவன் தெருவோரம் நின்ற காரொன்றை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். யாரோ இலக்கத்தைக் குறித்துப் பொலிசுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டியவரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கடிதம் எனக்கு வந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி கூடப் பிறந்தவனுக்கு எதிராக நான் ஒன்றுமே சொல்லத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதை ஒரு வழக்கறிஞர் எனக்குச் சொன்னபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணா பார்சல் வான் ஓட்டுகிறவன், லைசன்ஸ் போனால் வேலையும் போகும். அம்மா என் குசினிக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

"அவனுக்குப் பட்டதே தெரியாதாம் பிள்ளை. சத்தமே கேக்கேல்லையாம். தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பான்தானே? காரை நீ ஓடினதெண்டு எழுதிக் குடு. உனக்கு வேலைக்குப் போக பஸ் இருக்கு."

எழுதிக் கொடுத்தேன். என் லைசன்ஸைப் பறித்தார்கள். நான் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறவள். வெளியிடங்களுக்குப் போய் இயந்திரம் பூட்டுகிற வேலை எனக்குக் கிடைக்க இருந்தது. நல்ல வேலை, நான் ஆசைப்பட்ட வேலை. லைசன்ஸ் இல்லாதவளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? பக்கத்து இயந்திரக்காரன் போனான். நான் விடியற்காலைக் குளிரில் பஸ் தரிப்பில் நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஓட்டியது நான்தான் என்று அவன் ஒரு தடவை, யார் முன்னாலாவது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் சொன்னாலும் போதும். நானும் பலமுறை வாயைக் கிளறிப் பார்த்தேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன். "அதை விடு, முடிஞ்ச கதை" என்பான். முடிந்தது அவனுக்கு.

லைசன்ஸ் இல்லாத அந்தக் காலத்தில்தான் எனக்குக் கார் கட்டுகிற பைத்தியம் பிடித்தது. ஓட்ட விடாவிட்டால் கட்டியாவது பார்க்கிறேன் என்ற வீம்புதான், வேறென்ன? பாதியில் கைவிட்ட ஒரு ஜெர்மன்காரரிடமிருந்து உதிரிகளாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் இங்கிலாந்துக் கிட் கார் ஒன்றை வாங்கினேன். இரும்புக் குழாய்ச் சட்டமும், மெல்லிய உடம்பும், பெட்டி பெட்டியாக உதிரிகளும் வந்தன. கதவு கிடையாது, விளிம்பைத் தாண்டி ஏறித்தான் உட்கார வேண்டும். அதிலே இல்லாதது ஹப்பும் பிரேக்கும். சட்டத்தை வடிவமைத்தவர்கள் ஒரு பழைய இங்கிலாந்துக் காரின் ஹப்புகளை மனதில் வைத்திருந்தார்கள். அவை இப்போது தேடினாலும் அகப்படா. வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். லைசன்ஸ் திரும்பி வந்த பிறகும் அந்தச் சட்டம் நான் வாடகைக்கு எடுத்த கராஜில் சக்கரமில்லாமல் கிடந்தது.

அண்ணாவுக்குக் கலியாணம் சரிவந்தது. பதிவு முன்பே முடிந்து விசாவும் வந்துவிட்டதால், அம்மாவும் அவனும் யாழ்ப்பாணம் போய்த் தாலிகட்டை முடித்துக்கொண்டு அண்ணியைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் காரை என் கராஜில் கொண்டுவந்து விட்டான்.

"தெருவில விட்டா எவனும் இடிச்சுப்போட்டு ஓடிடுவான்" என்றான்.

சிரிக்காமல்தான் சொன்னான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அசைவும் இல்லை.

கலியாணத்துக்கு மறுநாள் அண்ணி தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினாள். நல்ல பிள்ளை. நான் வராததற்குக் கவலைப்பட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மச்சாள், நீங்கள் காரை இடிச்சது, லைசன்ஸ் போனது எல்லாம் இவர் இஞ்ச சொன்னவர். அப்பா அம்மாவும் கேட்டவை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. ஆருக்கும் நடக்கிறதுதானே" என்றாள்.

எனக்கு உச்சந்தலை எரிந்தது. அவனை மறைக்க நான் எழுதிக் கொடுத்த பொய்யை, கலியாண வீட்டுப் பந்தியில் என் தலையிலேயே கட்டிச் சிரித்திருக்கிறான். அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! "சரி அண்ணி, சந்தோசமா இருங்கோ" என்று சொல்லிவிட்டு கராஜுக்குப் போனேன். ஜாக்கியை எடுத்து முதல் சக்கரத்தின் கீழ் வைத்தேன்.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றும்போதும் ஒரு பஸ் பயணத்தை நினைத்துக்கொண்டேன். துருப்பிடித்து வர மறுத்தவற்றுக்கு அதிகமாக நினைத்தேன். அவையும் வந்தன. இவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

பொருத்துவது கழற்றுவதைப் போல அல்ல. ஜப்பானிய ஹப்பின் துளைகளும் இங்கிலாந்துச் சட்டத்தின் துளைகளும் ஒன்றையொன்று தெரியாதவை. இரண்டுக்கும் நடுவே ஒரு உருக்குத் தகடு வேண்டும். முதலிலேயே வரைபடத்துடன் வாகனப் பரிசோதகரிடம் போனேன். ஒல்லியான மனிதர், வார்த்தைக்குப் பஞ்சம். "அலுமினியம் வேண்டாம். எந்த உருக்கு என்று அத்தாட்சி கொண்டு வாருங்கள். பிறகு வெட்டுங்கள்" என்றார். வேலை முடிந்த பின் தொழிற்சாலைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்துகொள்ள போர்மன் அனுமதி தந்தார். தகட்டின் நடுத்துளை ஹப்பின் கழுத்தில் கையால் அழுத்த ஏற வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. கலிப்பரைத் தாங்கும் கைக்கு வேறு கணக்கு. டிஸ்க் கலிப்பரின் வாய்க்குச் சரி நடுவே ஓடாவிட்டால் ஒரு பக்கத்துப் பிரேக் கட்டை மட்டும் தேயும். சக்கரத்துக்கும் கலிப்பருக்கும் இடையில் என் நகம் போகும் அளவுதான் இடம் மிஞ்சியது. அதுவும் போதும்.

பூட்டுவதற்கு முன் ஹப் நேராகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் பழக்கம். சிறிய கடிகாரம் போன்ற அளவுமானியின் முனையை ஹப்பின் முகத்தில் வைத்துச் சுற்றினால், கோணல் இருந்தால் முள் ஆடும். இடது முன் ஹப்புக்கு முள் அசைந்ததாகவே தெரியவில்லை. வலது முன் ஹப்பை வைத்துச் சுற்றினேன். முள் எழும்பி விழுந்தது. துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே இடத்தில் அதே ஆட்டம். ஹப்பைச் சுழல விடும் பெயரிங்கில் பழுதில்லை. ஹப்பின் முகமே வளைந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த விபத்துக்குப் பிறகு, பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று சொல்லி அவன் இரண்டு தடவை என்னிடம் டிஸ்க் மாற்றுவித்தான். நானும் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் நடுக்கம் திரும்பி வந்துவிடும். வளைந்த ஹப்பின் மேல் எந்த டிஸ்க் நேராக ஓடும்? சும்மா உரசியதற்கு ஹப் வளையாது. சக்கரமே போய் மோதியிருக்க வேண்டும். அந்த அடியில் காருக்குள் இருந்தவனின் பல்லே அதிர்ந்திருக்கும். சத்தமே கேட்கவில்லையாம்! அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடினான். அதுவரை என் கோபத்தில் ஒரு மூலையிலாவது, பாவம், அவனுக்கே தெரியாமல் பட்டுவிட்டது என்ற இரக்கம் இருந்தது. அதுவும் அன்றைக்குப் போயிற்று.

உடைந்த கார்கள் விற்கும் இடத்திலிருந்து வேறொரு வலது ஹப்பை வாங்கிப் பூட்டினேன். வளைந்ததைத் துடைத்து, அளவுமானியோடு வேலை மேசையில் வைத்துவிட்டு, அவர்கள் வரும் நாளுக்குக் காத்திருந்தேன்.

வந்த அடுத்த கிழமை மூன்று பேரும் கராஜுக்கு வந்தார்கள். அம்மாவின் கையில் பலகாரப் பெட்டி. அண்ணா அண்ணிக்குத் தன் காரைக் காட்ட வந்திருந்தான். அவனே போர்வையை இழுத்தான்.

"எடியே, உனக்கு விசரோ? ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?"

"என்ர பேரில இருக்கிற காரைக் கழட்ட நான் ஆரைக் கேக்கோணும்?"

"பேர் சும்மா பேர். கார் என்ர. நான் பொலிசுக்குப் போவன்."

"போ. நானும் வாறன். இது என்ர கார், எப்பவும் நான்தான் ஓடுறனான் எண்டு நீ அங்க சொல்லு. அப்ப அண்டைக்கு ஆர் ஓடினதெண்டும் கேப்பாங்கள்."

இந்தப் பதிலை நான் பல வாரங்களாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது.

அண்ணி அவனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, மச்சாள் என்ன சொல்லுறா?"

"அவள் மனசில வைச்சுக்கொண்டு கதைக்கிறாள். அது சின்ன உரசல். எனக்குப் பட்டதே தெரியாது."

"அப்ப ஓடினது நீங்களோ?"

நான் விடவில்லை. மேசையில் இருந்த வலது ஹப்பைச் சுற்றி முள்ளைக் காட்டினேன். "அண்ணி, நேரா இருந்தா இது அசையாது. இவ்வளவு வளையோணுமெண்டா என்ன மாதிரி இடிச்சிருக்கோணும்? இவருக்குச் சத்தம் கேக்கேல்லையாம்."

அண்ணாவின் முகம் கறுத்துப் போயிற்று. ஒருவழியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓம், நான்தான் ஓடினனான்" என்றான். எனக்கு வேண்டியிருந்த சொல் வந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று மறைக்க மாட்டேன்.

இனிப்பு நீடிக்கவில்லை. புது மருமகள் முன்னால் மகன் தலைகுனிந்து நிற்பதை அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அவனை மட்டும் ஏன் போட்டு வதைக்கிறாய்? அவன் நிப்பாட்டத்தான் பாத்தவன். நான்தான் பயத்தில, போ தம்பி, போ, நிப்பாட்டாதை எண்டு கத்தினனான்."

இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம்; காரின் வலது பக்கத்து இருக்கையில், அடி விழுந்த பக்கத்தில், அம்மா இருந்திருக்கிறார். அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்டுவிட்டு, என் குசினியில் வந்து உட்கார்ந்து, மகனுக்குச் சத்தம் கேட்கவில்லை என்று அழுதிருக்கிறார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டேன்.

நான் பலகாரப் பெட்டியை எடுத்து அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "கராஜைப் பூட்டப்போறன். எல்லாரும் போங்கோ" என்றேன்.

அண்ணி மட்டும் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளே அவனை யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்க வைத்து, தன் தாய் தகப்பனிடம் உண்மையைச் சொல்ல வைத்தாள். என்னையும் இணைப்பில் சேர்த்துக் கேட்க வைத்தாள். அவன் விக்கி விக்கிச் சொன்னான். கேட்டேன். அவனுடைய கணக்கு அதோடு எனக்குத் தீர்ந்துவிட்டது. காரின் மிச்சத்தை அவன் வேறொரு வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போக நானே கயிறு கொடுத்தேன்.

பரிசோதனை நாளில் அந்த ஒல்லி மனிதர் என் காரை முற்றத்தில் ஓட்டிப் போய் முழுப் பலத்தோடு பிரேக் பிடித்தார். அண்ணாவின் காரில் பாதி எடைகூட இல்லாத கார் என்பதால் பின் சக்கரங்கள் முந்தி இறுகிக் கார் சுழன்றுவிடும் என்பதுதான் என் பயம். அதற்காகவே பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட்டிருந்தேன். கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பரிசோதகர் திரும்பவும் செய்தார். திரும்பவும் நேராக நின்றது. இறங்கி வந்து, "நல்ல பிரேக்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காரை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தார். கோயிலுக்குப் போகிற சீலை. வலது பக்கம் வந்து விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னையும் ஒருக்கா ஏத்திக்கொண்டு போவியோ பிள்ளை?"

"ஏலாது அம்மா."

"இன்னும் கோவமோ?"

"நீங்களும் காருக்குள்ள இருந்தனீங்களெண்டு எனக்காவது சொல்லியிருக்கலாம். பொலிசுக்கு வேண்டாம். எனக்கு."

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"சொல்லியிருந்தா நீ எழுதிக் குடுத்திருப்பியோ?"

"இல்லை."

"அதுதான் சொல்லேல்லை" என்றார்.

நான் விளிம்பைத் தாண்டி ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டேன். அவர் கை இன்னும் விளிம்பில் இருந்தது. எடுக்கச் சொன்னேன். எடுத்தார். நான் போய்விட்டேன்.