மாப்பிள்ளைக்கு வைத்த குணப் பரீட்சை

நான் அமைதியான ஆள் என்பது எனக்கு விஞ்ஞானபூர்வமாகத் தெரியவந்தது போன வருஷம்தான். அலுவலகத்தில் ஒரு மதியம் எங்களையெல்லாம் மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, உளவியல் படித்த ஒரு அம்மையார் வகுப்பு எடுத்தார். மனிதர்களை இந்த ரகம், அந்த ரகம் என்று டப்பாவில் போட்டு மூடக் கூடாதாம். புதுமை நாட்டம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என்று ஐந்து குணங்கள். எல்லாருக்குள்ளும் ஐந்தும் உண்டு, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். சாம்பார்ப் பொடி மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். எல்லார் வீட்டுப் பொடியிலும் மிளகாயும் மல்லியும்தான், எங்கள் வீட்டில் மிளகாய் கொஞ்சம் தூக்கல்.

அந்தப் பரீட்சையை வீட்டில் நிதானமாக எழுதச் சொல்லி போனுக்கு லிங்க் அனுப்பினார்கள். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். ‘எனக்கு எளிதில் எரிச்சல் வரும்’ என்ற கேள்வி வந்த நேரம், கீழே ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹார்ன் அடித்தது. பால்கனிக்குப் போய், தமிழிலும் கன்னடத்திலும் டிரைவரின் பரம்பரையையே விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து, ‘இல்லவே இல்லை’ என்பதைத் தொட்டேன். முடிவு வந்தது. பதற்றம் மிகக் குறைவு, இணக்கமும் புதுமை நாட்டமும் மிக அதிகம். இத்தனை வருஷமாக என் அருமை யாருக்கும் தெரியவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

என்னோடு தங்கி, இங்கேயே ஐடி வேலை பார்க்கும் தங்கையிடம் போனைக் காட்டினேன்.

“கீழ போய் லாரிக்காரர்கிட்ட காட்டுண்ணா. சந்தோஷப்படுவாரு” என்றாள்.

அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆளா நான்? அன்று இரவு வரை அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஆஸ்டின் டவுனில் இருந்து ஒரு வரன் வந்தது. பல தலைமுறையாகப் பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டையும் அப்பாவையும் நிர்வகிப்பவர், ஒரே மகன் ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஆரணியில் இருக்கும் எங்கள் அம்மாவும் அப்பாவும் ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொல்லி, முதலில் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

தங்கைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். போன முறை வந்த மாப்பிள்ளைக்குப் பதிலாக அவருடைய அப்பாதான் முழுக்கப் பேசினார். “இவராவது வாயத் தொறந்து பேசணும்ணா. கூட இருக்கப் போறது நான். அவரு யாருன்னே தெரியாம எப்படி சரின்னு சொல்றது?” என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

உடனே என் மூளை வேலை செய்தது. ஜாதகத்தை விடுங்கள், குணத்தை அளக்கத்தான் விஞ்ஞானம் இருக்கிறதே! மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். “சயின்ஸ்தானே தம்பி, எழுதிட்டா போச்சு” என்றார் அவர் பெருந்தன்மையாக.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ பிடித்துப் போனோம். காபியும் மைசூர்பாகும் வந்தன. மாப்பிள்ளை நெற்றியில் விபூதியோடு, புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பரீட்சையைத் திறந்து என் போனை அவரிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டுவதற்குள் அவருடைய அப்பா வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

நம் வீடுகளில் எந்த விண்ணப்பத்தை யார் தனியாக எழுதியிருக்கிறார்கள்? காலேஜ் அட்மிஷனோ பாஸ்போர்ட்டோ, பேர் ஒருவருடையது, எழுதுவது ஊரே கூடி. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

“புதியவர்களிடம் சுலபமாகப் பேசுவேன்” என்று அப்பா உரக்கப் படித்தார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

“ஆமான்னு போட்டுடலாம்” என்றார் அப்பா.

“வேணாம். ரொம்பப் பேசறவன்னு பொண்ணு வீட்ல நெனச்சுக்குவாங்க. நடுவுல போடுங்க” என்றார் அம்மா. பெண் வீட்டார் எதிரேதான் உட்கார்ந்திருந்தோம்.

“பொருள்களைக் கண்ட இடத்தில் போட்டுவிடுவேன்.”

“இல்லவே இல்ல. நம்ம வீட்ல ஒரு சாமான் கீழ கெடந்து பார்த்திருக்கீங்களா? தினம் நான் எடுத்து வெக்கறேனே!”

“அடிக்கடி கவலைப்படுவேன்.”

“நாம ரெண்டு பேரு இருக்கறப்போ அவனுக்கு என்னாத்துக்குக் கவலை? சும்னே கேக்கறாங்க” என்றார் அம்மா, ‘சும்மா’வைக் கன்னடத்தில் சொல்லி.

“எனக்குக் கற்பனை வளம் அதிகம்” என்று படித்ததும் அப்பா பதறிப் போய் என்னைப் பார்த்தார். “ஐயோ, அதெல்லாம் கெடையாது தம்பி. நல்ல பையன்.”

ஒவ்வொரு கேள்விக்கும் மாப்பிள்ளை வாயைத் திறப்பார், பதில் வேறு திசையில் இருந்து வரும். அப்பா ஒரு ஓரத்துக்கு இழுப்பார், அம்மா மறு ஓரத்துக்கு இழுப்பார், கடைசியில் விரல் நடுவில் போய் விழும். திறந்த வாயை வீணாக்காமல் ஒரு துண்டு மைசூர்பாகைப் போட்டுக்கொள்வார். கேள்விகள் முடிவதற்குள் தட்டு காலி.

நடுவில் அம்மா தலையை நிமிர்த்தி, “பொண்ணு எழுதிட்டாளா?” என்று கேட்டார்.

“நேத்தே ஆச்சும்மா. அவளுக்கு டைம் இல்ல, நானே எழுதிட்டேன். எனக்குத் தெரியாததா?” என்றேன் பெருமையாக. அம்மா மெச்சிக்கொள்கிற மாதிரி தலையாட்டினார். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மாப்பிள்ளையின் முடிவு வந்தது. ஐந்து குணமும் அட்சரசுத்தமாக நடுவில். மனிதர்கள் இப்படி இருக்கவே மாட்டார்கள். ஒரு கமிட்டிதான் இப்படி இருக்கும். தன்னைப் பற்றி எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் நல்ல பேர் வாங்கத்தான் பார்ப்பார்கள், அதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் இடம் விட்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தார். ஒரு ஆளுக்காக இரண்டு பேர் சேர்ந்து நல்ல பேர் வாங்குவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

“பாஸா தம்பி?” என்றார் அப்பா.

நான் தங்கையைப் பார்த்தேன். முகம் வாடிவிட்டது. கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் என் விஞ்ஞானம் கெடுத்துவிட்டது.

ஆனால் அவள் கிளம்பவில்லை. நேராக அவரைப் பார்த்து, “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டாள்.

“அவனுக்கு பிசிபேளேபாத்…” என்று அம்மா ஆரம்பித்தார்.

“அம்மா, நான் சொல்றேன்” என்றார் மாப்பிள்ளை. குரல் நன்றாகத்தான் இருந்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அவர் காது சிவந்துவிட்டது.

“எனக்கு பஸ்ல போறது பிடிக்கும். ஆபீஸ் முடிஞ்சதும் சிவாஜிநகர் போயி, எந்த பஸ் நிக்குதோ அதுல ஏறிடுவேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பி வருவேன். எதுக்குன்னு கேட்டா தெரியல. அந்த நேரத்துல யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க.”

“ஆடிட்டிங் வேலை ஜாஸ்தின்னு சொன்னியேடா!” என்றார் அம்மா.

தங்கை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு இல்லை, நிஜமான சிரிப்பு. “ஜன்னல் சீட்டா?”

“ஜன்னல் சீட்டு மட்டும்தான். அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்” என்றார், பரீட்சையில் இணக்கம் நடுத்தரமாக வந்திருந்த அந்த மனிதர்.

“நானும் விட மாட்டேன். முன்னாடி பின்னாடி உக்காந்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தங்கை எழுந்து வாசலில் செருப்பைத் தேடினாள். “அண்ணா, நீ வீட்டுக்குப் போ. நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வரோம்.”

அவளுக்கு ஜன்னல் சீட்டு பிடிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் படியிறங்கினார்.

“ரெண்டு பேரும் தனியாவா? எந்த பஸ்? எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க?”

கேட்டது நானும் மாப்பிள்ளையின் அம்மாவும். ஒரு வார்த்தை பிசகாமல், ஒரே மூச்சில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வீட்டில் அன்றைக்கு நூற்றுக்கு நூறு பொருத்தம் அமைந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான்.